மொன்றியலில் கொக்குகளின் கடைசி ஆட்டம்

வெள்ளிக்கிழமை காலை, ஸ்கார்பரோ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இந்தமுறை மொன்றியலுக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. மலைமேல் நிற்கும் சிலுவை, பழைய துறைமுகம், தேவாலயங்கள் எல்லாம் தங்கச்சி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பார்த்து முடித்தாயிற்று. இந்தமுறை போனது ஒரு செத்த வீட்டுக்கு. செத்தது ஆள் அல்ல, அமெரிக்காவில் இருந்த ஒரு தொழில்முறை ரக்பிக் கழகம். பிரேதத்தைக்கூட எங்கள் கையில் தரமாட்டோம் என்று, அதை வைத்திருந்த கொம்பனிக்காரர் பூட்டி வைத்துவிட்டார்கள். அந்தக் கோபத்தோடுதான் பேருந்தில் ஏறினேன். அது இன்னும் ஆறவில்லை. எழுத்தில் சூடு இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்கார்பரோவிலிருந்து மொன்றியல் ஐந்நூற்று இருபது கிலோமீற்றருக்குக் கிட்ட. பேருந்துக் கட்டணம் அறுபத்திநாலு டொலர். வழியில் கிங்ஸ்டனில் ஒரு தரிப்பு, மொத்தம் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் இருக்க வேண்டும். ரயில் வசதிதான். ஆனால் அதன் விலையைக் கேட்டால் எனக்கு வேறொரு கோபம் வரும்.

பக்கத்து இருக்கையில் ஹரிணி என்ற சென்னைப் பிள்ளை. மொன்றியலில் மேற்படிப்புப் படிக்கிறாள். என் மடியிலிருந்த துணிப்பையில் நீலக் கொக்கு ஒன்று அச்சடித்திருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"ஆன்ட்டி, இது என்ன லோகோ? ஏதாவது என்ஜிஓவா?"

"என்ஜிஓ இல்லைப் பிள்ளை. ரக்பி கிளப். என்ர தங்கச்சியின்ர மகன் அதிலை விளையாடினவன்."

"ரக்பியா? ஹெல்மெட் போட்டுக்கிட்டு முட்டிப்பாங்களே, அதுவா?"

"அது வேறை. இதிலை ஹெல்மெட்டும் இல்லை, ஒண்டும் இல்லை. வெறுந்தலையோட முட்டுறது."

"ஐயய்யோ! அம்மா எப்படி ஆன்ட்டி விட்டாங்க?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லக் கிங்ஸ்டன்வரை போயிற்று. தரிப்பில் வாங்கிய கோப்பி இரண்டு டொலர் எண்பது சதம், வாயில் வைக்க முடியவில்லை.

ஹரிணிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். அந்தக் கழகம் பிறந்தது அமெரிக்காவின் வடகிழக்கில் ஒரு பழைய ஆலை நகரத்தில். ஊரின் பெயரைப் போடமாட்டேன், கொம்பனிக்காரர் அதற்கும் உரிமை கேட்டு வருவார்கள். துணி ஆலை மூடிய பிறகு, அதன் பின்பக்கத் திடலில் தீயணைப்புப் படையினரும் பள்ளி ஆசிரியர்களும் தச்சர்களும் சேர்ந்து சனிக்கிழமைகளில் ஆடத் தொடங்கினார்கள். ஒருவருக்கும் ஒரு சதம் சம்பளம் கிடையாது. திடலோரம் ஓடும் ஆற்றில் நீலக் கொக்குகள் நிற்கும் என்பதால் சட்டையில் கொக்கு வந்தது. பந்து ஆற்றில் விழுந்தால், அணியில் கடைசியாகச் சேர்ந்தவன் இறங்கி எடுக்க வேண்டும். என் தங்கச்சியின் மகன், என் பெறாமகன் நிரோ சேர்ந்த வருடம் முழுக்க அவன்தான் இறங்கினான்.

அமெரிக்காவில் சம்பளத்துக்கு ஆடும் ரக்பித் தொடர் ஒன்று தொடங்கியபோது, ஒவ்வோர் அணிக்கும் ஒரு பணக்கார உரிமையாளர் தேவைப்பட்டார். இங்கேயும் ஒருவர் வந்தார். "நான் உங்கள் கழகத்தை வாங்க வரவில்லை, வளர்க்க வந்திருக்கிறேன்" என்றாராம். சனம் நம்பிப் பெயரையும் கொக்கையும் எழுதிக் கொடுத்தது. எங்கள் ஆட்களென்றால் குறைந்தது இரண்டு கூட்டம் போட்டுச் சண்டைபிடித்திருப்பார்கள். அமெரிக்கர்கள் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

முதல் வருடம் ஏறக்குறைய எல்லா ஆட்டத்திலும் தோல்வி. என்றாலும் சனம் வந்தது. மடக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு, போத்தலில் சூப் ஊற்றிக்கொண்டு வந்தது. பிறகு வெல்லத் தொடங்கினார்கள். ஒரு வருடம் இறுதியாட்டம்வரை போய் ஓர் உதையில் தோற்றார்கள். அன்று நான் அங்கே இருந்தேன். முன்பின் தெரியாத ஒரு கிழவர் என் தோளில் சாய்ந்து அழுதார், நானும் அழுதேன்.

அடுத்த வருடமே உரிமையாளர் அணியைத் தூக்கிக்கொண்டு நாலு மணித்தியாலம் தள்ளியிருந்த ஒரு பெருநகரத்துக்குப் போய்விட்டார். ஏனென்று கேட்டால் வளர்ச்சி என்றார். பென்னாம்பெரிய அரங்கு, பளபளக்கும் விளக்குகள், பார்க்க ஆள் இல்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை வீரர்களைக் காணொளி அழைப்புக்குக் கூப்பிட்டு, சனம் வராததால் கழகத்தை நிறுத்துகிறோம் என்றார்கள். சனத்தை விட்டுவிட்டு ஓடியவன் சனம் வரவில்லை என்று சொல்கிறான்! ஒருவரும் கேள்வி கேட்கக் கூடாதென்று எல்லோருடைய ஒலியையும் அவர்களே அணைத்து வைத்திருந்தார்களாம். பிஜித் தீவிலிருந்து வந்த பிள்ளைகளுக்குக் கழகத்தோடு அமெரிக்க விசாவும் போயிற்று. எல்லாச் சட்டையையும் திருப்பித் தரச் சொன்னார்கள். போட்டுக் கிழித்த காலுறையைக்கூடத் தோய்த்துக் கொண்டுவரச் சொன்னார்கள். காலுறையை! கோதாரி விழுவார் அதை வைத்து என்ன செய்யப் போகிறார்கள்?

அதோடும் விடவில்லை. வேறு கழகங்களில் ஆட விடுதலை வேண்டுமென்றால் வீரர்கள் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கொக்கையும் பெயரையும் நிறத்தையும் இனிப் பொது இடத்தில் போடுவதில்லை என்று எழுதியிருந்தது. ஒருவன் மீறினாலும் எல்லோருடைய விடுதலையும் போய்விடும். எல்லோரும் போட்டார்கள். நிரோவும் போட்டான். அவனுக்கு வயது முப்பத்திரண்டு, கழுத்தில் பழைய காயம், வைத்தியர் போதும் என்று சொல்லிவிட்டார். அவன் இனி எங்கும் ஆடப் போவதில்லை. கூட ஆடிய சின்னப் பிள்ளைகளுக்காகத்தான் போட்டான்.

இப்போது ஹரிணியின் கேள்விக்கு வருகிறேன். அம்மா எப்படி விட்டாள்? என் தங்கச்சி வசந்தி விட்டாள், ஆனால் பார்க்கவில்லை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. ஆட்டம் நடக்கும் நேரம் முழுக்கக் குசினியில் ஏதாவது பொரித்துக்கொண்டு நிற்பாள். முடிந்ததும் நான் தொலைபேசியில் "எழும்பி நடக்கிறான்" என்று சொன்னால்தான் அடுப்பை நிற்பாட்டுவாள். "கடைசி ஆட்டத்துக்கு வருவன், அதை மட்டும் கண்ணாலை பாப்பன்" என்று மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அந்தக் கடைசி ஆட்டத்தைத்தான் கொம்பனி ஒரு அழைப்பிலே அழித்தது.

"அதுக்கு இப்போ என்ன பண்ணப் போறீங்க ஆன்ட்டி?" என்றாள் ஹரிணி.

பிள்ளைகள் தாங்களே ஒரு ஆட்டம் ஒழுங்கு செய்திருக்கிறார்கள் என்றேன். சனிக்கிழமை, மொன்றியலில், நிரோ சின்ன வயதில் ஆடிய உள்ளூர்க் கழகத்தோடு. ஒவ்வொரு வருடமும் தொடர் தொடங்குமுன் கொக்குகள் மொன்றியலுக்கு வந்து அவர்களோடு ஒரு நட்பு ஆட்டம் ஆடுவார்கள். அமெரிக்காவுக்குள் இனி நுழைய முடியாத பிஜிப் பிள்ளைகள் இரண்டு பேர் இப்போது கனடாவில் இருக்கிறார்கள். ஆகவே எல்லோரும் கூடக்கூடிய இடம் மொன்றியல்தான்.

வெள்ளிக்கிழமை மாலை, ரொக்ஸ்பரோ

கோர்ன்வோல் தாண்டியதும் பலகைகள் பிரெஞ்சுக்கு மாறின. பேருந்து நிலையத்தில் நிரோ நின்றான். நூற்றிருபது கிலோ ஆள் என்னைக் கட்டிப்பிடித்தால் எனக்கு மூச்சு நின்றுவிடும், ஆனாலும் அது எனக்கு வேண்டும். ரொக்ஸ்பரோவில் தங்கச்சி வீடு அங்கிருந்து இருபத்தைந்து கிலோமீற்றர். வழி முழுக்கச் செம்மஞ்சள் கூம்புகள் வைத்து வீதியை மறித்திருந்ததால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அவன் இப்போது தகப்பனோடு துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறான்.

காரில் வைத்துத்தான் அடுத்த இடியைச் சொன்னான்.

"பெரியம்மா, கத்தமாட்டியள் எண்டால் ஒண்டு சொல்லுறன்."

"நான் எப்ப கத்தினனான்?"

அவன் சிரித்தான். "கொம்பனி லோயர் எங்கட ஆட்டத்தைக் கேள்விப்பட்டிட்டாங்கள். கொக்குச் சட்டை போட்டால் சும்மா விடமாட்டினமாம். நாளைக்கு ஒரு ஆளையும் அனுப்பினமாம், படமெடுக்க."

"சட்டையைத்தானே பறிச்சிட்டாங்கள், பிறகென்ன?"

"கடையிலை புதுசாய் அடிச்சுப் போட்டிடுவமோ எண்டு பயம். நாங்கள் வெள்ளை ரீசேட் வாங்கிட்டம். ஒண்டு ஏழு டொலர்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை அச்சில் போட முடியாது. கண்டறியாத ஒரு கொம்பனி, தான் கொன்று போட்ட கழகத்தின் சட்டையைப் பிள்ளைகள் ஒரு நாள் போட்டுவிடுவார்களோ என்று ஆள் வைத்துப் பார்க்கிறதாம்! நிரோ வீதியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். மெதுவாகச் சொன்னான். "ஆட்டம் நடந்தாப் போதும் பெரியம்மா. ஆனால் அம்மா ஒருக்கால் என்னை அந்தச் சட்டையோட பாத்திருக்கலாம்."



வீட்டில் வசந்தி குசினி மேசை முழுக்க மட்டன் ரோல்ஸ் சுற்றி அடுக்கியிருந்தாள். ரக்பியில் ஒரு வழக்கம், ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் ஒன்றாயிருந்து சாப்பிட வேண்டும். மொன்றியலில் அந்தச் சாப்பாடு எப்போதும் வசந்தியின் பொறுப்பு. ஆட்டத்தைப் பார்க்காமலே இத்தனை வருடமாகச் சமைத்து அனுப்பியவள்.

"நாளைக்கு வருவியோடி?" என்று கேட்டேன்.

"வருவன் எண்டுதானே சொன்னனான்."

"கண்ணை மூடாமல் பாப்பியோ?"

அவள் ஒரு ரோலை எடுத்து முட்டையில் தோய்த்து, தூளில் உருட்டி வைத்தாள். "அதைப் பிறகு பாப்பம்" என்றாள்.

சனிக்கிழமை, நோத்ர-டாம்-த-கிரேஸ்

இந்த வட்டாரத்தில்தான் ஒரு அடுக்குமாடியின் இரண்டறை வீட்டில் வசந்தியும் குடும்பமும் முதல் பத்து வருடம் இருந்தார்கள். நிரோ ஆடப் பழகிய பூங்காவும் இங்கேதான். முதல் நாள் பெய்த மழையில் திடல் உழுத வயல்போலக் கிடந்தது. ஒக்டோபர்க் குளிர், ஆறு பாகை. மூலையிலுள்ள டெபனேரில், இங்கே சில்லறைக் கடைக்கு அதுதான் பெயர், ஒரு பை ஐஸ் ஐந்து டொலருக்கு வாங்கினேன். இந்தக் குளிரில் ஐஸா என்று கடைக்காரர் பார்த்தார். வீங்கிய முழங்காலுக்கு என்று கையால் காட்டினேன், "பொன் கூராஜ்", தைரியமாயிருங்கள் என்றார்.

அமெரிக்காவிலிருந்து ஒரு வான் வண்டியில் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். தலைவன் டேவ், அந்த ஆலை நகரத்துக்காரன், தகப்பனைப் போலவே தீயணைப்புப் படையில் வேலை. அவன் தகப்பன் பழைய கழகத்தில் ஆடியவர். என்னை அடையாளம் கண்டு, "ஆன்ட்டி, நீங்கள் வந்தால் நடுவருக்குப் பயம்" என்றான். பிஜிப் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்தார்கள். ஆள் போதாமல் உள்ளூரில் இரண்டு மூன்று பேரைக் கடன் வாங்கினார்கள். எல்லோரும் வெள்ளை ரீசேட். முதுகில் இலக்கத்தைக் கறுப்பு ஒட்டுநாடாவால் ஒட்டியிருந்தார்கள். நிரோவின் முதுகில் ஒன்று. அமெரிக்கா முழுக்க விளக்குகளுக்குக் கீழே ஆடிய பிள்ளைகள், விளையாட்டுப் போட்டிக்கு வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல நின்றார்கள். 

கொம்பனியின் ஆளும் வந்திருந்தான். வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் உள்ளூர்ப் பெடியன், இருபத்தைந்து வயதிருக்கும். நீல மேலங்கி, புதுச் சப்பாத்து, சேற்றில் எங்கே கால் வைப்பதென்று தெரியாமல் எல்லைக் கோட்டோரம் நின்றான். அவனை ஒரு பார்வை பார்த்தேன். வசந்தி என்ன செய்தாள் தெரியுமா? தட்டில் இரண்டு ரோல்ஸ் வைத்துக்கொண்டு போய் அவன் கையில் கொடுத்தாள்.

"எடியே, உனக்கென்ன விசரோ? உவன்தான் கொம்பனியின்ர ஆள்!"

"அதுக்கு? அவனுக்கும் பசிக்கும்தானே அக்கா."

அவன் இரண்டையும் சாப்பிட்டான். மூன்றாவதும் கேட்டு வாங்கினான்.

வெள்ளைச் சட்டைக்காரர் திடலுக்குள் வந்தபோது நான் எழும்பி நின்று கைதட்டினேன். அடுத்து மொன்றியல் அணி உடைமாற்றும் அறையிலிருந்து வெளியே வந்தது. தலையில் யாரோ தண்ணீர் ஊற்றியதுபோல் இருந்தது. அவர்கள் போட்டிருந்தது கொக்குச் சட்டை! பதினைந்து பேரும்! கடும் நீலம், நெஞ்சில் வெள்ளைக் கொக்கு, சிலது வெளிறி, சிலது தையல் விட்டு. எங்கள் பிள்ளைகளைப் போடவிடாத சட்டையை எதிரணி போட்டுக்கொண்டு எங்கள் முன்னாலேயே வருகிறது!

"டேய்! உங்களுக்கு வெக்கமில்லையோ? செத்த வீட்டிலையும் பகிடியோ?" என்று கத்தினேன். பிரெஞ்சுக்காரருக்குத் தமிழில். இடுப்பு உயர வேலியைத் தாண்டவும் பார்த்தேன், வசந்தி மேலங்கியைப் பிடித்து இழுத்தாள்.

நிரோ இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து நின்றான். முதுகு குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது பார்த்தால் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்துகொண்டிருந்தது. ஓடி வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னான்.

"பெரியம்மா, கத்தாதையுங்கோ! அது எங்கட சட்டைதான். நாங்கள் மாத்தினது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நட்பு ஆட்டம் முடிந்தால் எதிரும் புதிருமாக ஆடியவர்கள் சட்டையைக் கழற்றி மாற்றிக்கொள்வார்கள். அதுவும் ரக்பி வழக்கம். ஒவ்வொரு வருடமும் கொக்குகள் மொன்றியலில் ஆடிவிட்டு, தங்கள் சட்டையைக் கொடுத்து இவர்களுடைய சிவப்புச் சட்டையோடுதான் திரும்புவார்கள். கொம்பனி தன் வீரர்களிடமிருந்து காலுறைவரை பறித்தது. ஆனால் மொன்றியலில் குழாய் பொருத்துகிறவன், கூரை வேய்கிறவன், தபால் கொடுக்கிறவன் வீட்டு அலுமாரிகளில் இத்தனை வருடக் கொக்குகள் கிடப்பது அதற்குத் தெரியாது. மொன்றியல் அணித் தலைவன் மார்க்-ஆந்த்ரே ஒரு வாரமாக வீடு வீடாகப் போய்ச் சேர்த்திருக்கிறான். நிரோவுக்குக்கூடச் சொல்லவில்லை.

கொம்பனிப் பெடியன் படம் எடுத்துக்கொண்டு மார்க்-ஆந்த்ரேயிடம் போனான். இருவரும் பிரெஞ்சில் பேசினார்கள். மார்க்-ஆந்த்ரே சொன்னதைப் பிறகு நிரோ எனக்குத் தமிழில் சொன்னான். "நான் உங்களோடு ஒரு ஒப்பந்தமும் செய்யவில்லை. இது என் சட்டை. இவன் என் பல்லை உடைத்துவிட்டு எனக்குத் தந்தது." பெடியன் தொலைபேசியில் யாரிடமோ கேட்டான், திரும்ப வந்து எல்லைக் கோட்டோரம் நின்றான்.

ஆட்டம் தொடங்கியது. ரக்பி தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேர் குனிந்து, தலையைத் தலைக்குள் கொடுத்துத் தள்ளுவார்கள். நிரோ முதல் வரிசையில் ஓரத்தில், முழுப் பாரமும் கழுத்தில். வசந்தி இத்தனை வருடமாகப் பார்க்கப் பயந்தது இதைத்தான். முதல் ஸ்க்ரம் குனிந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் ஸ்க்ரம்மைப் பார்க்கவில்லை, அவள் கண்ணைத்தான் பார்த்தேன். மூடவில்லை.

இரண்டாம் பாதியில் ஒரு ஸ்க்ரம் அப்படியே சேற்றில் சரிந்தது. எல்லோரும் எழும்பினார்கள், நிரோ எழும்பவில்லை. வசந்தியின் நகம் என் கையில் இறங்கியது. அவனுக்கு எதிரே முட்டிக்கொண்டிருந்த மார்க்-ஆந்த்ரே குனிந்து, அவன் கழுத்துக்குப் பின்னால் கையை வைத்து ஏதோ கேட்டான். பிறகு அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினான். நிரோ தலையை ஆட்டினான். முதுகில் தட்டிக்கொண்டு இருவரும் திரும்பப் போய் முட்டினார்கள்.

"அக்கா," என்றாள் வசந்தி. "விழுத்தினவனே தூக்கியும் விடுறான். இதை ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை?"

எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அவள்தான் குசினியில் நின்றாள். ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளைச் சட்டைகள் தோற்றன. டேவ் கடைசி நிமிடத்தில் ஓடிப்போய்ப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்துப் புள்ளி எடுத்தான், ஆனாலும் அது போதவில்லை. அதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. நடுவரின் ஊதல் சத்தம் அடங்கியதும் சட்டை மாற்றத் தொடங்கினார்கள். மார்க்-ஆந்த்ரே தன் சட்டையைக் கழற்றி நிரோவிடம் நீட்டினான். முதுகில் முதலாம் இலக்கம். நிரோ அந்தக் கழகத்தில் சேர்ந்த வருடம் போட்ட சட்டை அது, ஆற்றில் இறங்கிப் பந்தெடுத்த வருடத்தினது. நிரோ தன் ஏழு டொலர் ரீசேட்டைக் கொடுத்தான். வெறும் மேலோடு, ஆவி பறக்க, சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

கொம்பனிப் பெடியன் சேற்றைப் பொருட்படுத்தாமல் உள்ளே வந்தான். "ஐயா, தயவுசெய்து அதைப் போட வேண்டாம். நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். போட்டால் நான் அறிவிக்க வேண்டியிருக்கும், மற்றவர்களுடைய விடுதலையும் பாதிக்கப்படும்" என்றான். ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக. எங்கள் ரோல்ஸ் மூன்று அவன் வயிற்றில் இருந்தது!

நிரோ பிஜிப் பிள்ளைகள் இருவரையும் பார்த்தான். இரண்டு பேருக்கும் அடுத்த வருடம் ஆட இடம் கிடைத்திருந்தது. பிறகு சட்டையை மடித்தான். நான் வேலியைத் தாண்டியிருந்தேன். அந்தப் பெடியனிடம் என்னென்ன கேட்க வேண்டுமோ அவ்வளவும் நாக்கு நுனியில் நின்றது. எனக்கு முன்னால் வசந்தி போய்விட்டாள்.

"அந்தச் சட்டையைத் தா" என்றாள் மகனிடம்.

வாங்கினாள். தன் குளிர் மேலங்கிக்கு மேலாகவே தலைக்குள்ளால் போட்டாள். ஐந்தடி கூட இல்லாத பெண். சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது, கை நுனியிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டியது.

"நான் ஒருத்தருக்கும் கையெழுத்துப் போடேல்லை. அவருக்குச் சொல்லு" என்றாள்.

நிரோ தாயையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆகவே நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன், ஸ்கார்பரோவரை கேட்கும்படி சொன்னேன். பெடியன் கைத்தொலைபேசியைத் தூக்கினான், இறக்கினான். "அம்மா, உங்கள் பெயர்?" என்று கேட்டான்.

"அவன்ர அம்மா எண்டு எழுதச் சொல்லு."

இதற்குள் இரண்டு அணியும் தாங்களாகவே எதிரெதிராக இரண்டு வரிசை கட்டி நின்றன. ஆடி முடித்துப் போகிறவனை நடுவால் அனுப்பிக் கைதட்டுவது இவர்களுடைய மரியாதை. நிரோ குனிந்து தாயின் சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டான். வசந்தி முன்னால் நடந்தாள், அவன் பின்னால் நடந்தான். துறைமுகத்தில் வேலை முடித்துப் பாதுகாப்பு அங்கியோடு அப்போதுதான் வந்த நிரோவின் தகப்பன், என் மச்சான் சிவம், என்ன நடக்கிறதென்று தெரியாமலே பலமாகக் கைதட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை, பேருந்து நிலையம்

திரும்பும் கட்டணம் எழுபத்தொரு டொலர். ஞாயிறென்றால் கூட எடுப்பார்களாம், அதற்கும் ஒரு நியாயம் வைத்திருப்பார்கள்.

ஸ்கார்பரோவில் எங்கள் ஊர்ச் சங்கம் மூன்று வருடத்துக்கு முன் இரண்டாகப் பிரிந்தது. இரண்டும் இன்றும் அதே பெயரில்தான் நடக்கின்றன. ஒரே நாளில் இரண்டு மண்டபத்தில் இரண்டு ஒன்றுகூடல், இரண்டு பக்கமும் மற்றவரைப் போலி என்று திட்டும். நானும் போய்த் திட்டியிருக்கிறேன், வெட்கமாயிருக்கும். இப்போது யோசித்தால் அதில் அவ்வளவு வெட்கமில்லை. இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சண்டை பிடிக்கிறோம். கதவைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, உள்ளே இருக்கிறது தனக்கும் வேண்டாம், உனக்கும் இல்லை என்று சொல்லும் ஆளை நான் எங்கள் ஊரில் இன்னும் காணவில்லை. அந்த உரிமையாளர் இப்போது வேறொரு நகரத்தில் வேறொரு விளையாட்டை வளர்க்கப் போகிறாராம். அந்த ஊர்ச் சனத்தை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

வழியனுப்ப வசந்தியும் வந்திருந்தாள். மேலங்கிக்கு மேல் மறுபடியும் அதே சட்டை. சேறு காய்ந்து, அவள் நடக்க நடக்கத் தூளாய் உதிர்ந்தது. பேருந்துக்கு நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.

"எடியே, அந்தச் சட்டையைத் தோய்ச்சுப்போட்டெண்டாலும் போடன்" என்றேன்.

"பள்ளிக்கூடக் காலம் முழுக்க அவன்ர சட்டை நான்தானே அக்கா தோய்ச்சனான். எத்தினை வருசச் சேறு. அது எங்கை, எப்பிடிப் பட்டதெண்டு ஒண்டும் எனக்குத் தெரியாது." அவள் நெஞ்சிலிருந்த கொக்கை உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள். "இது நான் பாத்த சேறு. இருக்கட்டும்."